தாலாட்டுக்கு ஏற்ற சாஃப்ட்வேர்

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடிக்காரர் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். வீட்டிலேயே ஒரு ஒலிப்பதிவு ஸ்டுடியோ. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு அறிவித்தார்.

“இனிமே ஸ்டோர் ரூம் ஸ்டோர் ரூம் இல்லை. ஸ்டுடியோ.”

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“ஸ்டோர் ரூம்ல இருக்கிற சாமான் எல்லாம் எங்க போகும்?”

“ஹால்ல வை.”

“அப்ப ஹால் ஸ்டோர் ரூம் ஆயிடும். வர்றவங்க எங்க உக்காருவாங்க?”

“ஸ்டுடியோல உக்காரட்டும்.”

“பேசலாமா, இல்ல சத்தம் போடக் கூடாதா?”

பெரிய முடிவெடுத்தவர்கள் சின்னக் கேள்விகளுக்கு நிற்பதில்லை. நேராகப் போய் இஸ்திரி மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதுதான் கம்ப்யூட்டர் வைக்கப் பொருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டைகள் சாப்பாட்டு மேசையின் மேல் இஸ்திரியாயின. குழம்புக் கறையோடு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனவர் அவர்தான். போகட்டும்.

இத்தனைக்கும் காரணம் முந்தின நாள் வந்த ஒரு போன். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். வயிற்றில் பிள்ளை. பிரசவத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா துணைக்குப் போய்விட்டதால், இவர்கள் முறை அதற்குப் பிறகுதான். மகளுக்கு அது பெரிய ஏமாற்றம். போனில் சிணுங்கினாள்.

“அம்மா, நான் சின்னதுல தூங்கறதுக்கு நீ ஒரு பாட்டுப் பாடுவியே, நீயே கட்டினது. அதை அப்படியே போன்ல பாடி அனுப்பும்மா. நீ வர்றதுக்கு முன்னாடி உன் பாட்டாவது வரட்டும்.”

“அதுக்கென்ன, இப்பவே பாடறேன்” என்று மனைவி தொண்டையைச் செருமினாள். கண்ணாடிக்காரர் பாய்ந்து போனைப் பிடுங்கினார்.

“போன்லயா? உன் அம்மா குரலையா? பட்டுத் துணியைப் பழைய பேப்பர்ல சுத்திக் குடுக்கறதா? நான் முறைப்படி பதிவு பண்ணி அனுப்பறேன். மல்டி ட்ராக்ல!”

“என்னப்பா அது?”

“நீ பேசாம இரு. அப்பா பாத்துக்கறேன்.”

அப்பா பார்த்துக்கொண்ட காரியம் எதுவும் அந்தக் குடும்பத்தில் சீக்கிரம் முடிந்ததில்லை. மகள் “சரிப்பா” என்று போனை வைத்தாள்.

மல்டி ட்ராக் என்பது வேறொன்றுமில்லை. ஒவ்வொரு குரலுக்கும் கம்ப்யூட்டர் திரையில் தனித்தனியாக ஒரு கோடு. இன்றைக்கு ஒருவர் பாடலாம். நாளைக்கு இன்னொருவர் வந்து, அதைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்த கோட்டில் பாடலாம். போட்டுக் கேட்டால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியது போலவே இருக்கும். இதில் கண்ணாடிக்காரரைக் கவர்ந்த அம்சம் ஒன்று உண்டு. இரண்டாவது ஆள் பாடியிருக்கிற விஷயம் முதல் ஆளுக்குத் தெரியவே வேண்டியதில்லை.

ஆம், அதுதான் திட்டம். மனைவி பாடிவிட்டு அடுப்படிக்குப் போனதும், அடுத்த கோட்டில் அவர் பாடுவார். ரொம்ப அல்ல. அடியில் மெல்லிசாக ஒரு துணைக்குரல். மனைவிக்குத் தெரியாமல் மகளுக்கு அனுப்பிவிடுவார்.

ஏன் இந்தத் திருட்டுத்தனம் என்றால், அந்த வீட்டில் அவர் பாடுவதற்குத் தடை இருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரே ஒரு விடுமுறை நாளில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பாடினார். குழந்தை முதலில் விழித்தது. பிறகு வெறித்தது. பிறகு அழுத அழுகையில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று போட்ட தடை. விசிலுக்கு மட்டும் அனுமதி. அதுவும் பால்கனியில்.

மற்ற நாட்களில் தடைக்கே அவசியம் இருக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை. வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வீடு திரும்பும் வழியில்தான் கண்ணைக் காட்ட வருவார்கள். கடைசி ஆளுக்குக் கண்ணாடி மாட்டி அனுப்பி, ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் குழந்தை தூங்கியிருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் பூனை மாதிரி நடந்து போய்ப் பார்ப்பார். மகள் வளர்ந்ததைப் பெரும்பாலும் அவள் கண்மூடித் தூங்கும்போதுதான் அவர் பார்த்தார். ஊரில் உள்ளவர்களின் கண்ணையெல்லாம் திறக்கச் சொல்லிப் பார்த்தவருக்குச் சொந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்க்க வாய்க்கவில்லை. இந்த வருத்தத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பேரப்பிள்ளையாவது தூங்கும்போது தன் குரலும் அந்த அறையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவ்வளவுதான். கேட்டால் சின்ன ஆசைதான்.

ஸ்டுடியோ எழும்பியது. சுவர்களில் மெத்தை. மெத்தை போதாத இடத்தில் கம்பளி. கதவிடுக்கில் பழைய துண்டு. ஒரு மைக், காதில் மாட்டும் ஹெட்போன், மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்க ஒரு சின்னப் பெட்டி. எல்லாம் வந்துவிட்டன. சாஃப்ட்வேர் மட்டும்தான் பாக்கி.

அங்கேதான் வண்டி நின்றது.

கண்ணாடிக்காரரின் தொழிலைச் சொன்னால்தான் இது விளங்கும். கடைக்குப் பின்னால் ஒரு இருட்டறை. வந்தவரை அங்கே உட்கார வைத்து, மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போடுவார். “இது தெளிவா இருக்கா? இல்ல, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?” வந்தவர் சொல்வார், இவர் குறித்துக்கொள்வார். காலமெல்லாம் கேள்வி மட்டுமே கேட்டுப் பழகிய மனிதர். பதில் சொல்வது மற்றவர்கள் வேலை. இப்போது கேட்கவும் அவர்தான், சொல்லவும் அவர்தான். எதிரெதிரே உட்கார ஆள் போதவில்லை.

சாஃப்ட்வேர்களின் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. ஆகவே அவராகவே பெயர் வைத்தார். திரை நீலமாக இருப்பது நீலம். கறுப்பாக இருப்பது கறுப்பு. காசில்லாமல் கிடைப்பது ஓசி. பெரிய பெரிய ஸ்டுடியோக்களில் பயன்படுத்துவதாகச் சொல்லப்படுவது பெரியவர். ஒவ்வொன்றையும் கொஞ்ச நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். கையில் பிடிபடும் சமயம் பார்த்துக் கெடு முடிந்துவிடும். அடுத்ததற்குத் தாவுவார். அதைக் கற்றுக்கொள்வதற்குள் முன்னது மறந்துவிடும்.

இப்போதெல்லாம் மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வருவார். சாப்பிட்டு முடிந்ததும் மனைவி ஜன்னலோரக் கட்டிலில் சாய்வாள். அவளுக்குப் பல வருஷமாகச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இவர் ஆரம்பிப்பார்.

“நீலத்துல என்ன வசதின்னா, பின்னாடி இருக்கிற தேவையில்லாத சத்தத்தை எல்லாம் எடுத்துடலாம்.”

“இப்பவே எடுக்கலாமா?”

“விளையாடாதே. கறுப்புல பாத்தேன்னா, ஒவ்வொரு குரலுக்கும் பக்கத்துல ஒரு பட்டன். அதை அழுத்தினா அந்த ஆள் குரல் மட்டும் நின்னுடும்.”

“அதை வாங்குங்க. நான் வேணா வளையலை வித்துத் தர்றேன்.”

“தப்புப் பண்ணிட்டா ஒண்ணொண்ணா பின்னாடி போய்ச் சரி பண்ணிக்கலாம்.”

“எவ்வளவு தூரம் பின்னாடி? நம்ம கல்யாணம் வரைக்கும் போகுமா?”

“ஓசியில ஒரே ஒரு குறை. நீ இப்பப் பாடினா, உன் காதுல கொஞ்சம் கழிச்சுத்தான் கேக்கும்.”

“நான் சொல்றது உங்க காதுல எப்பவுமே அப்படித்தானே கேக்குது. அதையே எடுத்துக்குங்க, பழகினதுதான்.”

இப்படி நாலு வார்த்தை பேசுவாள். அதற்குள் கண் சொருகும். அவர் பெரியவருடைய அருமை பெருமைகளுக்கு வரும்போது லேசான குறட்டை கேட்கும். கண்ணாடிக்காரருக்கு மனசு வலிக்கும். இவளுக்காகத்தானே இத்தனை பாடு, காது கொடுத்துக் கேட்கக்கூட ஆள் இல்லையே என்று தோன்றும். குறட்டைக்கு நடுவே மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்து போவார்.

இதற்கிடையில் அவர் பாட்டுப் பயிற்சியும் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் முடியாது. கடையில், ஆள் வராத நேரமாகப் பார்த்து, இருட்டறையில். பக்கத்துக் கடை டெய்லர் ஒருநாள் கழுத்தில் அளவு நாடாவோடு எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, உள்ளே யாரோ முனகறாங்களே. ரொம்ப வலியோ?”

“கண்ணுல மருந்து விட்டேன். கொஞ்சம் எரியுதாம்.”

“நேத்தும் முனகினாங்க.”

“அவரேதான். திரும்ப வந்திருக்காரு.”

“பாவம்ணே. வேற டாக்டர்கிட்ட அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு டெய்லர் போனார். போனவர் திரும்பிப் பார்த்த பார்வை கண்ணாடிக்காரருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மாதங்கள் நகர்ந்தன. மகளின் வயிறு போனில் பெரிதாகிக்கொண்டே வந்தது. “மல்டி ட்ராக் என்னப்பா ஆச்சு?” என்று முதலில் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காதது அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கடைசியில் ஒரு விடுமுறை நாளில் மேசையைத் தட்டிச் சொன்னார்.

“முடிவு பண்ணிட்டேன். நீலம்தான். வா, பாடு.”

மனைவி முகம் கழுவி, தலை வாரி, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குரலைப் பதிவு செய்ய எதற்குப் புடவை என்று அவர் கேட்கவில்லை. அவளைப் பார்த்ததும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு சிரத்தையாக வந்திருப்பவளை நீலத்தில் பதிவு செய்வது நியாயமா? ஹெட்போனைத் தன் காதில் மாட்டினார்.

“ஒரு வரி பாடு. ம். இப்பக் கறுப்புல ஒரு வரி. இது தெளிவா இருக்கா? இல்ல, முன்னாடி தெளிவா இருந்துச்சா?”

“என்னைக் கேட்டா? காதுல மாட்டியிருக்கிறது நீங்க.”

“ரெண்டும் இல்ல. பெரியவர்லயே பண்ணிடுவோம். காலையிலதான் இறக்கி வெச்சேன். மரியாதையா இருக்கும்.”

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

அடுப்படியில் அவள் முணுமுணுக்கும் மெட்டு தெரியுமே தவிர, அந்தப் பாட்டை வார்த்தைகளோடு அவர் அதுவரை கேட்டதில்லை. கேட்டிருக்க முடியாது. அது பாடப்பட்ட நேரத்தில் எல்லாம் அவர் யாருக்கோ வில்லை மாற்றிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக் கடை சாத்தி அப்பா வருவார்,
கதவு தட்டாம மெதுவா வருவார்,
முழிச்சிருந்தா விளையாடச் சொல்வார்,
விடியட்டும் கண்ணே, இப்பத் தூங்கு.

ஹெட்போனுக்குள் அவள் குரல் மிக அருகில் இருந்தது. வயது தெரியாத குரல். கண்ணாடிக்காரர் திரையைப் பார்த்தார். கோடு மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்படியும் மங்கலாகத்தான் தெரிந்தது. ராத்திரி ராத்திரி இந்த வீட்டில் அவரைப் பற்றித்தான் பாடியிருக்கிறார்கள். வருவார், வருவார் என்றே பாடியிருக்கிறார்கள். அவர் வந்தபோதெல்லாம் பாட்டு முடிந்திருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினால் மைக்கில் விழுமே என்று கையால் பொத்திக்கொண்டு அழுதார்.

பாட்டு முடிந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேமிக்கும் பட்டனை அழுத்தினார்.

பெரியவர் ஒரு அறிவிப்புக் கொடுத்தார். சேமிக்கும் வசதி விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு மட்டும்தானாம்.

“வாங்கிடறேன்! இப்பவே வாங்கிடறேன்!” என்று கத்திக்கொண்டே கண்ணாடிக்காரர் கார்டைத் தேடி ஓடினார். வாங்கினார். பெரியவர் சந்தோஷப்பட்டார். புதிய வசதிகளோடு இதோ மீண்டும் தொடங்குகிறேன் என்று தன்னைத்தானே மூடிக்கொண்டு, பளபளவென்று திறந்துகொண்டார். வாங்கியதற்கு நன்றி சொன்னார். பாட்டைக் காணோம்.

பின்னால் போகும் பட்டனை அழுத்தினார். போக வேண்டிய இடத்துக்கு அது போகவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் முதுகைப் பார்த்தே மனைவிக்குப் புரிந்துவிட்டது.

“போயிடுச்சா?”

அவர் தலையை ஆட்டினார்.

“நீலத்துலயே விட்டிருந்தா?”

“இருந்திருக்கும்.”

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“சரி விடுங்க. அது அப்படி ஒரு தடவைதான் வரும். நீங்க முதல்ல எதுன்னு முடிவு பண்ணுங்க. அப்புறம் கூப்பிடுங்க.”

அன்று மாலை அவர் கடையைத் திறக்கவில்லை. மெத்தைச் சுவருக்குள் தனியாக உட்கார்ந்து, காலியான கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். துணைக்குரல் கொடுக்க வந்தவர் பாட்டையே தொலைத்துவிட்டார். மகளிடம் என்னவென்று சொல்வது?

அதற்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. மனைவிக்கு சாஃப்ட்வேர் மேல் ஆர்வம் வந்துவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளாகவே ஸ்டுடியோவுக்கு வந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏங்க, நீலத்துக்கும் கறுப்புக்கும் என்ன வித்தியாசம்னு சொன்னீங்க?”

கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. ஆதியோடு அந்தமாக எடுத்துச் சொன்னார். இடையில் அவள் ஏதோ முணுமுணுப்பது கேட்டது.

“நான் பேசறப்ப என்ன முணுமுணுப்பு?”

“நீங்க சொல்லுங்க. நான் பாட்டுக்கு முணுமுணுத்துக்கிறேன்.”

சரி, மறுபடி பாடுவதற்குத் தயார் செய்துகொள்கிறாள் என்று நினைத்து அவருக்கு உருக்கமாகப் போயிற்று. தன்னால்தானே இந்தக் கஷ்டம் என்று வருந்தினார். வருத்தத்தோடேயே கறுப்பின் குறைகளை விளக்கினார்.

அப்படி விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில் பேரன் பிறந்துவிட்டான். தாயும் சேயும் நலம். மனைவி மகிழ்ச்சியில் தெருவுக்கே இனிப்புக் கொடுத்தாள். கண்ணாடிக்காரர் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோ கதவைப் பார்த்தார். தாலாட்டு வேண்டிய ஆள் வந்துவிட்டான். தாலாட்டுத்தான் வரவில்லை. அதன் பிறகு மகள் போன் செய்தபோதெல்லாம் அவர் குளியலறையில் இருந்தார். அப்பா எப்போதும் குளித்துக்கொண்டே இருக்கிறாரே என்று மகள் கவலைப்பட்டாள்.

எத்தனை நாள்தான் குளிப்பது? ஒரு மதியம் மனைவி போனோடு ஸ்டுடியோவுக்குள் வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள். அங்கே ராத்திரி. மங்கிய வெளிச்சத்தில் மகள். தோளில் ஒரு சின்னத் தலை. கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“என்னை மன்னிச்சிடும்மா. உன் அம்மா அருமையாப் பாடினா. நான்தான் தொலைச்சிட்டேன். போன்லயே அனுப்ப விட்டிருக்கலாம். என் வீம்பால உன் பிள்ளைக்குப் பாட்டு இல்லாமப் போயிடுச்சு.”

“பாட்டு வந்துருச்சேப்பா.”

“எப்ப?”

“நான் கேட்டதுக்கு மறுநாளே. நீங்க கடைக்குப் போனதும் அம்மா போன்ல பாடி அனுப்பிட்டாங்களே.”

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி மெத்தைச் சுவரில் தூசி இருக்கிறதா என்று பார்த்தாள்.

“மறுநாளேவா?”

“நீங்க முடிவெடுத்து முடிக்கறதுக்குள்ள அவன் பள்ளிக்கூடம் போயிடுவானேன்னுதான்” என்றாள் மனைவி.

“அப்ப இத்தனை மாசம் நான் பண்ணினது?”

“நீங்க ஆசைப்பட்டீங்க. ஆசைப்படறவரை எதுக்குத் தடுக்கணும்?”

“ஆனா அப்பா,” என்றாள் மகள், “அந்தப் பாட்டுக்கு இவன் தூங்கவே இல்லை. அம்மா பாட ஆரம்பிச்சா கண்ணை நல்லாத் திறந்து வெச்சுக்கிட்டுக் கேக்கறான். ரெண்டாவதா அனுப்பினாங்களே, அதுக்குத்தான் தூங்கறான்.”

“ரெண்டாவதா?”

மகள் எதையோ தட்டினாள். முதலில் மனைவியின் குரல் கேட்டது, மிக மெல்லிசாக.

கண்ணாடிக் கடை சாத்தித் தாத்தா வந்தாச்சு,
காலை நீட்டிப் பேசவும் உக்காந்தாச்சு,
முழுசும் கேட்டா விடிஞ்சே போயிடும்,
முந்திக்கோ கண்ணே, இப்பத் தூங்கு.

அதன் மேல் ஏறிக்கொண்டு, கம்பீரமாக இன்னொரு குரல்: “கறுப்புல பாத்தேன்னா, ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியா ஏத்தலாம், எறக்கலாம். ஆனா நீலத்துல...”

தோளில் இருந்த சின்னத் தலை கொட்டாவி விட்டது.

“பாத்தீங்களா? ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன்பா, நீங்க கடையில பண்ணுவீங்களே அந்த மாதிரி. இதுக்குத் தூங்கறியா, இல்ல முன்னாடி போட்டதுக்கா? ஒவ்வொரு தடவையும் உங்க பேச்சுக்குத்தான் தூங்கறான். ஆனா சீக்கிரம் முடிஞ்சிடுது. முடிஞ்சதும் முழிச்சுக்கறான். நீளமா ஒண்ணு வேணும். அம்மா பாட்டை மட்டும் அதுலேர்ந்து எடுத்துட முடியுமாப்பா? நீங்கதான் இவ்வளவு சாஃப்ட்வேர் பாத்திருக்கீங்களே.”

பிறந்து சில நாள்தான் ஆகிறது. அதற்குள் பேரனுக்கு முடிவெடுக்கத் தெரிந்திருந்தது. இது பாட்டி பக்கத்து வாரிசு.

கண்ணாடிக்காரர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

“என் குரல் அதுல வரணும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“டெய்லர் ரவிக்கை குடுக்க வந்தப்பக் கேட்டார். ‘அண்ணன் கடையில ஒருத்தர் தினமும் கண் எரிச்சல்ல முனகறாரே, யாருங்க அது’ன்னு. அப்படியே முனகியும் காட்டினார். நம்ம பாப்பா தாலாட்டு மெட்டு!”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா வெக்கப்பட்டு விட்டுடுவீங்க. விட்டிருந்தாலும் பரவாயில்லைன்னுதான் இருந்தேன். அன்னைக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு அழுதீங்க பாருங்க. அப்பத்தான், எப்படியாவது இவரை உள்ள நுழைச்சிடணும்னு நினைச்சேன். பாட விட்டா பேரன் பயந்துடுவான். பேச்சுன்னா எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. எத்தனை வருஷமாத் தூங்காதவ நான். நீங்க நீலம்னு ஆரம்பிச்சதும் எப்படித் தூங்கறேன்!”

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வர வேண்டும். வந்தது, ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது. அன்றைக்குத் தொலைந்த அந்தப் பாட்டை நினைத்துக்கொண்டார். அது போனது போனதுதான், எந்தப் பட்டனும் அதைத் திரும்பக் கொண்டு வராது. சாகும்வரை அது வலிக்கும். இருந்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

“நான் பேச மாட்டேன். என் பேச்சு என்ன தூக்க மாத்திரையா?”

“வேணாம், பேசாதீங்க” என்றாள் மனைவி. மகளோடு பேசிக்கொண்டிருந்த போனை அப்படியே மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, மெத்தையில் தலை சாய்த்துக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கடைசியில எதைத்தான் எடுக்கப் போறீங்க? நீலமா, கறுப்பா?”

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவரால் வாயைக் கட்ட முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

“அப்படிப் பொத்தாம்பொதுவாக் கேட்டா எப்படிச் சொல்றது? நீலத்தை எடுத்துக்கிட்டேன்னா...”

அவர் சொல்லிக்கொண்டே போனார். நீலம் முடிந்து கறுப்பு வந்தது. கறுப்பு முடிந்து ஓசி வந்தது. பெரியவர் செய்த துரோகத்தைப் பற்றிச் சொல்லும்போது தண்ணீர் குடிக்கக் கொஞ்சம் நிறுத்தினார். போனுக்கு அந்தப் பக்கம் பேரன் தூங்கிவிட்டிருந்தான். அவனைப் போட்டிருந்த தோளோடு சேர்ந்து மகளும் தூங்கிவிட்டிருந்தாள். இந்தப் பக்கம் மனைவியின் லேசான குறட்டை. ஒரு குழந்தை விழிப்பிலிருந்து தூங்கிப்போகும் நேரத்தில் கண்ணாடிக்காரர் அதனோடு இருந்தது இதுவே முதல் தடவை. பேரனின் மூடிய கண்களைப் பார்த்தபடி, பேச்சை மறந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மறுபடியும் மங்கியது.

போனுக்குள் ஒரு சிணுங்கல் கேட்டது. மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“யாரு நிறுத்தச் சொன்னா? மறுபடியும் நீலத்துலேர்ந்து ஆரம்பிங்க.”